ஏ லெவலா, அப்ளைடு சயின்ஸா? 16 வயதில் எடுக்கும் முடிவு

ஆகஸ்ட் மாதப் பிற்பாதியில் ஒரு வியாழக்கிழமை காலை இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்ற 16 வயதுப் பொதுத்தேர்வின் முடிவுகள் வெளிவரும். 16 வயதுப் பிள்ளை அடுத்த இரண்டு ஆண்டுகள் என்ன படிக்கப்போகிறது என்பதைப் பெரும்பாலான வீடுகளில் அன்றோ மறுநாளோ உறுதிசெய்தாக வேண்டும். அறிவியலில் எட்டும் ஒன்பதும் (ஒன்பதுதான் உச்ச கிரேடு) வாங்கிய பிள்ளையின் வீட்டில் பேச்சுக்கே இடமிருக்காது. உயிரியல், வேதியியல், கூடவே கணிதமோ இயற்பியலோ என்று, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பான ஏ லெவலில் மூன்று பாடங்கள் முடிவாகிவிடும். நான்கும் ஐந்தும் வாங்கிய பிள்ளையின் வீட்டில்தான் குழப்பம். "அப்ளைடு சயின்ஸ் எடுக்கலாமே" என்று கல்லூரி சொல்கிறது. பெற்றோருக்கு அது இரண்டாந்தரப் படிப்பாகப் படுகிறது. பிள்ளைக்கோ அது தேர்வே இல்லாத சுலபமான படிப்பு என்று யாரோ சொன்னது மனத்தில் பதிந்திருக்கிறது. இரண்டு எண்ணமும் தவறு. இரண்டாலும் பிள்ளைகள் இழப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

லண்டன் புறநகர் ஒன்றில், 16 முதல் 18 வயதினர் படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியின் அறிவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கரைசல்களைத் தயாரித்து, கருவிகளைச் சரிபார்த்து, வகுப்புக்கு முன்னால் மேசையில் எடுத்துவைப்பது என் பணி. முற்பகலில் ஏ லெவல் மாணவர்கள் நின்ற இடத்தில் பிற்பகலில் அப்ளைடு சயின்ஸ் மாணவர்கள் நிற்பார்கள். இரண்டு வகுப்புகளும் எப்படி நடக்கின்றன, எந்தப் பிள்ளை எங்கே தேறுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் கல்லூரியைப் பார்க்க வரும் திறந்தநாள் மாலைகளில் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: இதை எடுத்தால் பிள்ளையின் எதிர்காலம் அடைபடுமா? சில கதவுகள் அடைபடும், சில கதவுகள் நன்றாகவே திறக்கும். எவை எவை என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

முதலில் படிப்பின் அமைப்பைப் பார்ப்போம். அப்ளைடு சயின்ஸ் என்ற பெயரில் இங்கே பரவலாக நடப்பது பியர்சன் நிறுவனத்தின் பீடெக் நேஷனல் படிப்பு. இந்தியாவின் பி.டெக் பட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது 16 முதல் 18 வயது வரையிலான மாணவர்களுக்கான மூன்றாம் நிலைத் தகுதி. ஏ லெவலும் அதே மூன்றாம் நிலைதான். உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் ஒரே படிப்புக்குள் வரும். பாடம் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சில அலகுகளுக்கு வெளித்தேர்வு உண்டு. மற்றவற்றுக்கு மாணவர் ஒப்படைகளை (அசைன்மென்ட்) செய்து கொடுக்க, கல்லூரி ஆசிரியர்கள் மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பீடு சரியாக நடக்கிறதா என்பதை பியர்சன் மாதிரிகளை வாங்கிச் சரிபார்க்கும்.

பெற்றோர் பெரும்பாலும் கேட்க மறப்பது படிப்பின் அளவைத்தான். 2016இல் அறிமுகமான பாடத்திட்டத்தில் எக்ஸ்டெண்டட் சர்ட்டிஃபிகேட் 360 வழிகாட்டு மணி நேரம் (ஆசிரியர் வழிகாட்டலில் படிக்கும் நேரம்), அதாவது ஓர் ஏ லெவலுக்குச் சமம். டிப்ளோமா 720 மணி நேரம், இரண்டு ஏ லெவல்களுக்குச் சமம். எக்ஸ்டெண்டட் டிப்ளோமா 1080 மணி நேரம், மூன்று ஏ லெவல்களுக்குச் சமம். "என் மகள் அப்ளைடு சயின்ஸ் படிக்கிறாள்" என்று சொன்னால் அது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பல்கலைக்கழகத்தின் பார்வையில் மூன்றும் வெவ்வேறு. உளவியலும் சமூகவியலும் ஏ லெவலாக எடுத்து, மூன்றாவதாக 360 மணி நேர அப்ளைடு சயின்ஸை வைத்திருப்பவரின் நிலைமை வேறு. இரண்டு ஆண்டும் அறிவியலில் மட்டுமே மூழ்கி 1080 மணி நேரத்தை முடித்தவரின் நிலைமை வேறு. கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது "எந்த அளவு?" என்பதைத்தான்.

ஒரே சோதனை, இரண்டு வகுப்புகள்

வேறுபாட்டைச் சொல்லிக் கேட்பதைவிட ஒரு சோதனையை வைத்துப் பார்ப்பது நல்லது. அமிலத்தையும் காரத்தையும் கொண்டு செய்யும் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) எடுத்துக்கொள்வோம். ஊரில் படித்த பெற்றோர் அனைவருக்கும் பழக்கமானது அது.

ஏ லெவல் வேதியியல் வகுப்பில் இது ஒரு பாடவேளையில் முடியும். நான் தயாரித்து வைத்த கரைசலை மாணவர் பியூரெட்டில் நிரப்புவார். 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போகும் அளவுகள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்வார். செறிவைக் கணக்கிட்டு ஏட்டில் எழுதுவார். எந்தத் திறன் நிறைவேறியது என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்வார். ஒவ்வோர் அறிவியல் பாடத்திலும் இரண்டு ஆண்டுகளில் இப்படிக் குறைந்தது 12 செய்முறைகள் உண்டு. கடைசியில் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் தனியாக ஒரு குறிப்பு வரும். 2015இல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தக் குறிப்பு ஏ லெவல் கிரேடோடு சேராது. கைத்திறனுக்காக ஒரு மதிப்பெண்கூட அதில் சேராது. செய்முறை குறித்த கேள்விகள் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீதம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் சோதிக்கப்படுவது எழுதும் திறமையே. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் என்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். எழுத்துத் தேர்வுக்கு அஞ்சாத பிள்ளைக்கு இந்த முறையால் குறை ஒன்றும் இல்லை. கை நன்றாக வேலை செய்து, தேர்வறையில் உறைந்துபோகும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு.

அப்ளைடு சயின்ஸில் இதே தரம்பார்த்தல் வாரக்கணக்கில் நடக்கும். இரண்டாவது அலகு முழுவதும் செய்முறைக்கானது. தராசைச் சரிபார்ப்பதில் தொடங்குகிறது வேலை. பிப்பெட் காட்டும் அளவு உண்மைதானா என்று தண்ணீரை எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். பிஎச் மீட்டரைத் தாங்கல் கரைசல்களில் வைத்து அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பிறகுதான் கரைசல். சோடியம் ஹைட்ராக்சைடை நிறுத்துக் கரைத்தால் ஏன் சரியான செறிவு கிடைக்காது என்று மாணவர் விளக்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்கிறது. தராசு காட்டும் எடையில் அவையும் அடங்கும். ஆகவே தூய சோடியம் கார்பனேட்டை நிறுத்து, அளவுக் குடுவையில் 250 மில்லிலிட்டராக்கி, அதைக் கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவைக் கண்டறிந்து, அந்த அமிலத்தால் மற்றதை அளக்கிறார்கள். மெத்தில் ஆரஞ்சு மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குத் திரும்பும் அந்த ஒரு துளியில் குழாயை மூடத் தெரிய வேண்டும். முதல் வாரத்தில் அந்தத் துளியைத் தாண்டிப்போய்ச் சிவப்பாக்கிவிடாதவர் அரிது. மூன்றாம் வாரம் அந்தக் கைகளே வேறாக இருக்கும்.

அதற்கடுத்து காப்பர் சல்பேட் கரைசல்களை நிறமானியில் வைத்து வரைபடம் போட்டுத் தெரியாத செறிவைக் கண்டுபிடிப்பார்கள். உருகிய பொருள் ஆறும்போது வெப்பநிலையைக் குறித்துக் குளிர்தல் வரைகோடு வரைவார்கள். குரோமட்டோகிராபியில் இலையின் நிறமிகளைப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அறிக்கை உண்டு. மருத்துவமனை ஆய்வகத்திலோ தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ உணவுத் தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேருபவர் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது ஏறக்குறைய இவற்றைத்தான். அதனால்தான் இந்தப் படிப்பை மட்டமாகப் பேசுவோரிடம் எனக்குக் கோபம் வருகிறது. 1080 மணி நேரப் படிப்பில் மாணவர் தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்துத் திட்டமிட்டுச் செய்யும் ஆய்வுத் திட்டமும் ஓர் அலகாக உண்டு. நன்றாகச் செய்த மாணவர்கள் பல்கலைக்கழக நேர்காணலில் அதைப் பற்றியே பேசிவிட்டு வருகிறார்கள்.

ஒப்படை என்றால் சுலபமா?

இந்த நம்பிக்கைதான் செப்டம்பரில் சேர்ந்து டிசம்பரில் முகம் வாடும் பிள்ளைகளை உருவாக்குகிறது.

முதலாவது, தேர்வு இல்லை என்பதே உண்மையல்ல. 2016 பாடத்திட்டத்தின் 360 மணி நேரப் படிப்பில் 58 சதவீதம் வெளியிலிருந்து மதிப்பிடப்படுகிறது. மூன்று அறிவியலும் சேர்ந்த எழுத்துத் தேர்வு ஒன்று. அறிவியல் ஆய்வுத் திறன்களைச் சோதிக்கும், பியர்சனே அமைத்துத் திருத்தும் செயல்பணி இன்னொன்று. 1080 மணி நேரப் படிப்பில் வெளிமதிப்பீடு சுமார் 42 சதவீதம். அங்கே 13 அலகுகளில் நான்கு வெளியிலிருந்து மதிப்பிடப்படுகின்றன. பெரிய படிப்பில்தான் ஒப்படைகளின் பங்கு கூடுதல். தேர்வைத் தவிர்க்க எண்ணிச் சிறிய அளவை எடுக்கும் பிள்ளை இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஒப்படையின் விதிகள் கறாரானவை. ஒவ்வோர் ஒப்படைக்கும் பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தனித்தனி நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். மெரிட் வேண்டுமானால் பாஸுக்குரிய நிபந்தனைகள் அனைத்தும், மெரிட்டுக்குரியவை அனைத்தும் நிறைவேற வேண்டும். பத்து பக்கம் அருமையாக எழுதியிருந்தாலும் ஒரு நிபந்தனை விடுபட்டால் கிரேடு அங்கேயே நின்றுவிடும். ஏ லெவல் தேர்வில் ஒரு கேள்வியில் விட்டதை இன்னொன்றில் ஈடுகட்டலாம், இங்கே முடியாது. கெடு தேதிக்குள் கொடுத்தால் ஒருமுறை திருத்திக் கொடுக்க அனுமதி கிடைக்கலாம், அதுவும் முடிவு தெரிந்த 15 வேலை நாள்களுக்குள். கெடுவைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பும் பொதுவாகப் போய்விடும். மதிப்பீட்டுக்குரிய வேலை தொடங்கிய பிறகு "இந்த வரியை இப்படி மாற்று" என்று ஆசிரியர் சொல்லித்தரவும் கூடாது.

மூன்றாவது, டிஸ்டிங்ஷன் என்பது சோதனையைச் சரியாகச் செய்ததற்காகக் கிடைப்பதல்ல. அதே தரம்பார்த்தலில் உயர்ந்த நிபந்தனை, பயன்படுத்திய முறையின் துல்லியத்தை மதிப்பிட்டு மேம்பாடுகளைச் சொல்லக் கேட்கிறது. ஆண்டுதோறும் நான் பார்க்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "மனிதத் தவறால் முடிவு சற்று மாறியிருக்கலாம்." அது மதிப்பீடு ஆகாது. பியூரெட்டின் ஒவ்வொரு வாசிப்பிலும் 0.05 மில்லிலிட்டர் நிச்சயமின்மை இருக்கிறது. தொடக்கம், முடிவு என இரண்டு வாசிப்புகள், ஆக 0.10. வந்த அளவு 24.60 என்றால் நிச்சயமின்மை ஏறக்குறைய 0.4 சதவீதம். பிப்பெட்டின் பங்கு எவ்வளவு, தராசின் பங்கு எவ்வளவு, எதைக் குறைத்தால் பலன் அதிகம் என்று எழுதினால் அது மதிப்பீடு. இந்தச் சிந்தனைக்குக் கணக்கும் வேண்டும், தெளிவாக எழுதும் மொழியும் வேண்டும். எழுதவே பிடிக்காத பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஏ லெவலைவிடக் கடினமாகக்கூட இருக்கலாம். இரண்டு ஆண்டில் இங்கே எழுதிக் குவிக்கும் பக்கங்கள் அதிகம்.

ஏ லெவலின் கடினம் வேறு மாதிரி. ஏக்யூஏ தேர்வு வாரியத்தை எடுத்துக்கொண்டால் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரத் தாள்கள் மூன்று. மூன்றையும் எடுத்தவர் மே, ஜூன் மாதங்களில் 18 மணி நேரம் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுப் பாடம் முழுவதும் அந்தச் சில வாரங்களில் மனத்தில் இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்த கோடையில்தான் மறுபடி, அதுவும் எல்லாத் தாள்களையும் எழுத வேண்டும். பீடெக் அலகுத் தேர்வை ஜனவரியில் எழுதிவிட்டுக் கோடையில் மீண்டும் முயலலாம். இலங்கையின் உயர்தரப் பரீட்சையில் ஊறிவந்த பெற்றோருக்கு ஏ லெவல் முறை இயல்பாகத் தோன்றுகிறது. அந்த இயல்பு பெற்றோருடையதே தவிர, பிள்ளையுடையதாக இருக்க வேண்டியதில்லை.

புள்ளிக் கணக்கு

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான யூகாஸ் புள்ளிகளில் ஏ லெவல் ஏ ஸ்டாருக்கு 56, ஏக்கு 48, பிக்கு 40, சிக்கு 32. ஓர் ஏ லெவல் அளவுள்ள அப்ளைடு சயின்ஸில் டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 56, டிஸ்டிங்ஷனுக்கு 48, மெரிட்டுக்கு 32, பாஸுக்கு 16. நடுவில் 40 இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டிஸ்டிங்ஷனைத் தொட்டால் ஏ, தவறினால் நேராக சி. மூன்று பாடங்களில் ஒன்றாக இதை வைத்திருப்பவருக்கு இந்த 16 புள்ளிப் பள்ளம் ஆபத்தானது. 1080 மணி நேரப் படிப்பில் அது ஓரளவு நிரம்பிவிடும். மூன்று டிஸ்டிங்ஷனுக்கு 144, இரண்டு டிஸ்டிங்ஷனும் ஒரு மெரிட்டும் 128, ஒரு டிஸ்டிங்ஷனும் இரண்டு மெரிட்டும் 112, மூன்று மெரிட்டுக்கு 96 என்று படிகள் இருக்கின்றன. மூன்று பி வாங்கிய ஏ லெவல் மாணவருக்கு 120.

ஆனால் புள்ளி மட்டும் கதவைத் திறக்காது. புள்ளி போதுமானதாக இருந்தும் பாடம் பொருந்தாததால் திருப்பப்பட்ட விண்ணப்பங்கள் உண்டு. இதில்தான் நேராகப் பேச வேண்டும்.

மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவை கனவாக இருந்தால் அப்ளைடு சயின்ஸ் வேண்டாம். ஏ லெவல் வேதியியல், உயிரியல் இரண்டையும் அல்லது அவற்றில் ஒன்றையேனும் கேட்காத மருத்துவக் கல்லூரி அரிது. "முதலில் இதில் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்கள் பிள்ளையின் இரண்டு ஆண்டுகளோடு விளையாடுகிறார்கள். முன்னணிப் பல்கலைக்கழகங்களில் வேதியியலோ இயற்பியலோ பட்டமாகப் படிக்க விரும்பினாலும் அந்தந்தப் பாடத்தின் ஏ லெவல் வேண்டும். அங்கே முதல் வாரத்திலிருந்தே ஓடும் கணிதமும் கோட்பாடும் அப்ளைடு சயின்ஸில் அந்த ஆழத்துக்கு வருவதில்லை. ஏ லெவல் இயற்பியலில் குறைந்தது 40 சதவீத மதிப்பெண் கணிதத்தைச் சார்ந்தது, வேதியியலில் 20, உயிரியலில் 10. இந்த எண்கள் ஏ லெவல் எதற்காகத் தயார்செய்கிறது என்பதைக் காட்டுகின்றன. மருந்தியலில் நிலைமை கலவையானது. பெரும்பாலும் ஏ லெவல் வேதியியல் கேட்பார்கள். சில இடங்கள், குறிப்பிட்ட வேதியியல் அலகுகளில் உயர்ந்த கிரேடோடு வந்தால் பெரிய அளவு அப்ளைடு சயின்ஸை ஏற்கின்றன.

செவிலியர் படிப்பு, ரேடியோகிராஃபி, துணைமருத்துவம், உயிர்மருத்துவ அறிவியல், தடயவியல், உணவு அறிவியல், ஊட்டச்சத்து இவற்றுக்கு அப்ளைடு சயின்ஸ் நல்ல பாதை. பல பல்கலைக்கழகங்கள் இதைப் பெயர் சொல்லியே ஏற்கின்றன. உயிர்மருத்துவ அறிவியலைத் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. என்எச்எஸ் என்ற அரசுச் சுகாதாரச் சேவையின் மருத்துவமனை ஒன்றில் நாம் கொடுக்கும் இரத்தத்தையும் திசுவையும் பரிசோதித்து, மருத்துவர் எதை வைத்து முடிவெடுக்கிறாரோ அந்த அறிக்கையைத் தருபவர்கள் இவர்கள். அங்கீகாரம் பெற்ற பட்டம், அதோடு ஆய்வகப் பயிற்சி, பிறகு எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை மன்றத்தில் பதிவு என்பது வழி. பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உயிர்மருத்துவ அறிவியல் நிறுவனமான ஐபிஎம்எஸ் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று பார்க்க வேண்டும். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல்போனவர்களின் புகலிடமாக மட்டுமே இந்தத் துறையைப் பேசுவது அதற்குச் செய்யும் அநீதி.

டி லெவலும் தொழிற்பயிற்சியும்

செய்முறைதான் பிள்ளைக்கு உயிர் என்றால் ஒப்பிட வேண்டிய இன்னொன்று டி லெவல். அறிவியலில் டி லெவல் 2021 செப்டம்பரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுப் படிப்பு, மூன்று ஏ லெவல்களுக்குச் சமம். ஆய்வக அறிவியலில் சிறப்புத் தேர்ச்சி பெறலாம். இதன் உயிர்நாடி குறைந்தது 315 மணி நேரம் ஒரு பணியிடத்தில் வேலை செய்வது, ஏறக்குறைய 45 நாள். அதை முடிக்காமல் சான்றிதழ் கிடையாது. ஆய்வகங்கள் நிறைந்த பகுதியில், நிறுவனங்களோடு நல்ல உறவு வைத்திருக்கும் கல்லூரியில் இது அப்ளைடு சயின்ஸை மிஞ்சும் படிப்பு. 18 வயதில் உண்மையான ஆய்வகத்தில் 45 நாள் நின்றவருக்கு எந்த நேர்காணலிலும் பேசுவதற்குச் சரக்கு இருக்கும்.

ஆனால் பணியிடம் கிடைப்பதே அறிவியலில் கடினமான பகுதி. தூரமாகக் கிடைத்தால் போக்குவரத்து சிரமம், பணியிடத்தில் ஊதியம் தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேர அட்டவணை முழுவதையும் எடுத்துக்கொள்வதால் கூடவே உளவியலையோ கணிதத்தையோ ஏ லெவலாக வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் வழியிருப்பதில்லை. 16 வயதில் ஒரே திசையைத் தேர்ந்தெடுக்கத் தெளிவுள்ள பிள்ளைக்கு மட்டுமே நான் இதைச் சொல்வேன். "சென்ற ஆண்டு உங்கள் மாணவர்கள் எந்த எந்த இடங்களுக்குப் பணிப்பயிற்சிக்குப் போனார்கள்?" என்று கல்லூரியைக் கேளுங்கள். நிறுவனங்களின் பெயர்கள் வராமல் பொதுவான வார்த்தைகளே வந்தால் யோசிக்க வேண்டும்.

சம்பளத்தோடு படிக்கும் வழியும் உண்டு. மூன்றாம் நிலை ஆய்வகத் தொழில்நுட்பர் தொழிற்பயிற்சி அப்படிப்பட்டது. 2025 ஏப்ரலில் தொழிற்பயிற்சியாளருக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது, பெரிய மருந்து நிறுவனங்கள் அதற்கு மேலும் தருவதுண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதற்கு விண்ணப்பித்துக்கொண்டே கல்லூரியிலும் இடத்தை உறுதிசெய்துகொள்வதுதான் பாதுகாப்பு.

கலந்து எடுக்கலாமா?

பலருக்கு இதுதான் சரியான விடையாக இருக்கும். 360 மணி நேர அப்ளைடு சயின்ஸோடு இரண்டு ஏ லெவல். உளவியலும் அப்ளைடு சயின்ஸும் நல்ல சேர்க்கை. செவிலியர் பணி, பேச்சுச் சிகிச்சை போன்றவற்றுக்குப் போக எண்ணுபவர்களுக்குப் பொருந்தும். ஏ லெவல் உயிரியலோடு அப்ளைடு சயின்ஸைச் சேர்ப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். பாடம் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் சில பல்கலைக்கழகங்கள் இரண்டையும் தனித்தனி தகுதியாக எண்ணுவதில்லை, சில கல்லூரிகளே அப்படி எடுக்க விடுவதில்லை. விரும்பும் பட்டத்தின் பக்கத்தில் சேர்க்கை நிபந்தனையைச் சொல்லுக்குச் சொல் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

இன்னொன்றும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. டி லெவலோடு ஒன்றன்மேல் ஒன்று படியும் பீடெக் படிப்புகளுக்கு அரசு நிதியைக் குறைக்கும் முயற்சி சில ஆண்டுகளாக நடக்கிறது. ஓர் ஏ லெவல் அளவுள்ள அப்ளைடு சயின்ஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து புதிய பதிப்பு வந்துள்ளது. 2025 அக்டோபரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, வி லெவல் என்ற புதிய தொழில்சார் தகுதி வகையையும் அறிவித்தது. மேலே நான் தந்த அலகு விவரங்கள் 2016 பதிப்பினுடையவை. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரி எந்தப் பதிப்பை நடத்துகிறது, எத்தனை அலகுகளுக்குத் தேர்வு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூத்த பிள்ளை படித்தது போலவே இளையதற்கும் இருக்கும் என்று நம்பி வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

எந்தப் பிள்ளைக்கு எது என்று என் கருத்தைக் கேட்டால், ஜிசிஎஸ்இ கிரேடைவிட அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமலே வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, தேர்வு என்றால் கை நடுங்கும் பிள்ளை அப்ளைடு சயின்ஸில் மலர்கிறது. ஆண்டு முழுவதும் அலட்சியமாக இருந்துவிட்டுக் கடைசி ஆறு வாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விழுங்கும் பிள்ளை, "இது சுலபம்" என்று நம்பி இங்கே வந்தால் முதல் கெடுவிலேயே அடிபடுகிறது. கிரேடு குறைவாக இருந்தாலும் அதற்கு ஏ லெவல்தான் பொருந்தக்கூடும். அறிவியலே பிடிக்காமல் "ஏதாவது அறிவியல் படிக்க வேண்டுமே" என்று வீட்டார் தள்ளிவிட்ட பிள்ளைக்கு இந்த இரண்டுமே வேண்டாம்.

உறவினர் கூட்டத்தில் "மூன்று ஏ லெவல்" என்று சொல்வதில் உள்ள பெருமை எனக்குப் புரிகிறது. அந்தப் பெருமைக்காக வேதியியலில் சேர்ந்து, பன்னிரண்டாம் ஆண்டு (ஏ லெவலின் முதல் ஆண்டு) முடிவில் இ கிரேடு வாங்கி, பதின்மூன்றாம் ஆண்டுக்குப் போகவிடாமல் கல்லூரி நிறுத்தி, 17 வயதில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. 18 வயது வரை கட்டணமில்லாமல் கிடைக்கும் கல்வி 19க்கு மேலும் அப்படியே கிடைக்கும் என்று உறுதியில்லை. வீணாகும் ஓராண்டுக்கு விலை உண்டு.

திறந்தநாள் மாலைக்குப் போகும்போது, பெயர் மறைத்த ஒப்படை ஒன்றைத் திருத்தத்தோடு காட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பாஸ் வாங்கியது ஒன்று, டிஸ்டிங்ஷன் வாங்கியது ஒன்று. இரண்டையும் பிள்ளையின் கையில் கொடுத்து, "இதைப் போல எழுத உனக்கு விருப்பமா?" என்று கேளுங்கள். பக்கத்து மேசையில் ஏ லெவல் வினாத்தாள் இருக்கும், அதையும் புரட்டச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு தவறு என்று தெரிந்தால் பெரும்பாலான கல்லூரிகள் முதல் சில வாரங்களுக்குள் படிப்பை மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன. அக்டோபர் அரைப்பருவ விடுமுறைக்குப் பின் அது மிகவும் கடினம். ஆகவே செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பிள்ளையை உட்காரவைத்து, எப்படிப் போகிறது என்று ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிடுங்கள்.